எடுக்க வேண்டியது வலது பக்கம்

வலது பக்கம் சார். எடுக்க வேண்டியது வலது பக்கம், கீழ் வரிசை, கடைசிப் பல்லு. எடுத்தது இடது பக்கம், அதே வரிசை, அதே கடைசி. விசாரணைத் தாள்ல எழுதிக்கிட்டீங்களா? இதுல எனக்கும் உங்களுக்கும் தகராறு இல்ல. இதுக்கப்புறம்தான் தகராறு.

கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன், கன்னம் இன்னும் வடியல. குழறினா மறுபடி கேளுங்க. சார்னு கூப்பிடலாம்ல? ஐயான்னு கூப்பிட்டுப் பழக்கமில்ல. தோழர்னு கூப்பிட்டா உங்க வேலைக்கு ஆபத்து. சார்னே வெச்சுக்குவோம், ரெண்டு பேருக்கும் நஷ்டமில்லாத வார்த்தை.

நானா? இதே ஆஸ்பத்திரிதான். கீழ்த்தளத்துல ஒரு அறை இருக்கு, ஜன்னல் கிடையாது. ஆபரேஷனுக்குப் போற கத்தி, கத்திரி, கொறடு எல்லாத்தையும் நீராவியில வெச்சு சுத்தம் பண்ணி மேல அனுப்புற இடம். முப்பத்து மூணு வருஷம் அங்கதான் வெந்தேன். அதுல பாதிக்கு மேல ஊழியர் சங்கச் செயலாளர். படிப்பு ஏழாவது. மிச்சமெல்லாம் துண்டுப் பிரசுரம். முதல்ல படிச்சேன், அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். நீங்க வர்ற வழியில வராண்டா சுவத்துல கண்ணாடி போட்டு ஒரு தாள் மாட்டியிருக்கே, பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க, கீழ்ப்பாதிய ஒரு பீரோ மறைச்சுக்கிட்டு நிக்குது. அது ஒப்பந்தம். இந்தக் கட்டடத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலைன்னு ஒண்ணு இருக்குன்னா அது அந்தத் தாளுல இருந்து வந்தது. இருபத்திரண்டு நாள் வேலைநிறுத்தம். அதுல ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. வக்கீல் எழுதிக்கிட்டு வந்ததைப் படிச்சுப் பார்த்தேன், நடை சரியில்ல, கிழிச்சுப் போட்டுட்டு நானே உட்கார்ந்தேன்.

அப்ப என் பல்லை எடுத்த அந்தப் பயிற்சி டாக்டர் பொண்ணு எப்படித் தூங்காம மூணு நாளு வேலை பார்த்துச்சா? நல்ல கேள்வி. வர்றேன் சார் அதுக்கு.

முதல்ல இந்தப் புகார். இதுல என் கையெழுத்து ஏன் இல்லன்னு கேட்டீங்க. புகாரை எழுதினதே நான் இல்லயே. நான் படுக்கையில கன்னத்துல ஐஸ் வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன், தட்டச்சு பண்ணி, முத்திரை வெச்சு, தேதி போட்டு, என் பேருல எனக்கே கொண்டுவந்து கொடுக்கிறாங்க. மேற்படி பயிற்சி மருத்துவரின் அஜாக்கிரதையால் எனக்கு ஈடுசெய்ய முடியாத இழப்புன்னு இருக்கு. எழுபத்திரண்டு வயசு ஆளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லு ஈடுசெய்ய முடியாத இழப்பாம். நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் மனு எழுதினவன் நான். எனக்கு ஒருத்தர் மனு எழுதுறாருன்னா அதைப் படிக்காம விடுவேனா? பிழையெல்லாம் சிவப்புப் பேனாவுல திருத்திக் கொடுத்தேன். கையெழுத்து மட்டும் போடல.

தெரியும் சார். நான் போட்டா அந்தப் பொண்ணை அனுப்பிடுவீங்க. அனுப்பினா வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் சேர்த்துக்க மாட்டாங்க, படிச்சதெல்லாம் குப்பை. அதனாலதான் இவ்வளவு பேசுறேன். சும்மா பொழுது போகலன்னு நினைச்சீங்களா?

அந்தப் பொண்ணு பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் இங்க யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடல. முதல் வருஷத்துப் பிள்ளைங்களுக்கு இந்தத் துறையில பேரே கொக்கி. ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியோட கன்னத்தை ஒரு கொக்கி போட்டு இழுத்துப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்ல, அதான் அவங்க படிப்பு. ரெண்டாவது வருஷம் ரத்தத்தையும் எச்சிலையும் உறிஞ்சுற குழாயைப் பிடிக்கலாம், அவன் பேரு குழாய். மூணாவது வருஷம்தான் கையில கத்தி வரும், அவன் பேரும் கத்தி. கொக்கி இங்க வா, குழாய் எங்க போச்சு, இப்படித்தான் வார்டுல பேச்சு. நான் முதல் நாள் இதைக் கேட்டுட்டு ஏதோ சாமானைத் தேடுறாங்கன்னு நினைச்சேன்.

எட்டு நாள் படுத்திருந்தேன் சார். பல்லுக்கடியில சீழ் வெச்சு முகம் பூசணிக்காய் மாதிரி ஆயிடுச்சு, அது வடிஞ்சாத்தான் பல்லை எடுக்க முடியும்னாங்க. என் கட்டில் டூட்டி அறைக்கு நேர் எதிர. எனக்குப் பழைய வியாதி ஒண்ணு உண்டு, யாரு எத்தனை மணிக்கு வர்றாங்க, எத்தனை மணிக்குப் போறாங்கன்னு குறிச்சு வைக்கிறது. சங்கத்துல இருந்தப்ப வந்தது, விடல. இந்தா, இந்த நோட்டு. கொக்கின்னு தலைப்புப் போட்டிருக்கேன். திங்கட்கிழமை காலையில அஞ்சு ஐம்பதுக்கு உள்ள வந்தா. வெளிய போனதுன்னு அடுத்த கட்டம் இருக்கே, அது எப்ப நிரம்புதுன்னு பாருங்க. புதன்கிழமை மத்தியானம். அதுவும் போனது வீட்டுக்கு இல்ல, நீங்க அனுப்பின சஸ்பென்ஷன் ஆர்டரை வாங்கிக்கிட்டுப் போனா.

என்ன வேலையா? உட்காருங்க, சொல்றேன். காலையில ஆறு மணிக்குப் பதினெட்டு வாய். ஒவ்வொரு வாயா திறந்து, துடைச்சு, கட்டுப் பிரிச்சு, கட்டு மாத்தி. அப்புறம் ரத்தம் எடுத்துக்கிட்டு லேப்புக்கு ஓடணும். லேப்புல மெஷின் ரிப்பேருன்னா பக்கத்துக் கட்டடம். அங்க சீட்டுல முத்திரை இல்லன்னா மறுபடி இந்தக் கட்டடம். ஆபரேஷனுக்குப் போறவருக்கு இதயம் நல்லாருக்குன்னு இதய டாக்டர் கையெழுத்து, நெஞ்சு நல்லாருக்குன்னு நெஞ்சு டாக்டர் கையெழுத்து. அந்த ரெண்டு பேரும் எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிக்க ஒரு கையெழுத்து. அப்புறம் பத்து மணிக்குத் தியேட்டர். நாலு மணி நேரம் கொக்கி. கை ஆடினா திட்டு. ஆடாம நின்னா, நிக்கிறதே தெரியல, தூங்குறியான்னு திட்டு. சாயங்காலம் பைக்ல விழுந்தவங்க வர ஆரம்பிப்பாங்க. தாடை உடைஞ்சவன், உதடு கிழிஞ்சவன், பல்லை கர்ச்சீப்புல முடிஞ்சு எடுத்துக்கிட்டு வந்தவன். எல்லாம் தைச்சு முடிக்க விடிஞ்சிடும். விடிஞ்சா மறுபடி பதினெட்டு வாய். நடுவுல துறைத் தலைவர் எங்கயோ மாநாட்டுல பேசப்போறாராம், அந்தப் படங்களை வரிசைப்படுத்தணும். அவர் ஒரு புஸ்தகம் எழுதுறாராம், அதுல ரெண்டு அத்தியாயம் இவ எழுதணும். இதுக்குப் பேரு பயிற்சி.

இதெல்லாம் செய்யறதுக்குன்னு முன்னாடி ஆள் இருந்தாங்க சார். ஸ்ட்ரெச்சர் தள்ளுறவர், ஃபைல் தூக்குறவர், எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து விளக்குப் பெட்டியில மாட்டுறவர். ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆனாங்க. புதுசா ஆள் கேட்டா, எதுக்கு, அதான் கொக்கி இருக்கேன்னு பதில். ஃபிலிம் மாட்டுறவரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவாரு.

சாப்பாடா? எதிர்க் கட்டில்ல ஒருத்தர், தாடை உடைஞ்சு மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க. வாயைத் திறக்கவே முடியாது. மூக்குல குழாய். அவர் தலைமாட்டுல ஒரு கம்பி வெட்டுற கத்திரி தொங்கும், திடீர்னு வாந்தி வந்தா ஓடிவந்து வெட்டி விடணும், இல்லன்னா ஆள் போயிடுவாரு. அந்தக் கத்திரிக்கும் பொறுப்பு கொக்கிதான். அவருக்கு ஒரு நாளைக்கு ஆறு வேளை கரெக்டா உள்ள போச்சு. வாயைத் திறக்க முடிஞ்ச இந்தப் பொண்ணு ஒரு வேளை, நின்னுக்கிட்டே, ரெண்டு பிஸ்கட். அவ அம்மா போன் பண்ணுவாங்க. தோள்ல போனை இடுக்கிக்கிட்டு, யாருக்கோ கட்டுப் பிரிச்சுக்கிட்டே, சாப்பிட்டேம்மா, தூங்கினேம்மா, இப்பதான் எழுந்தேம்மான்னு சொல்லுவா. அந்தக் கம்பி கட்டினவர் என்னைப் பார்ப்பாரு. நான் அவரைப் பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு பிரஷர் பார்க்க வந்தா. கையில பட்டையைச் சுத்தி, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிச்சா, அடிச்ச கையோட அப்படியே தூங்கிட்டா. உட்கார்ந்த வாக்குல. எனக்கு எழுப்ப மனசு வரல. விரல் நீலமாயிடுச்சு, அப்பவும் பொறுத்தேன். அப்புறம் கை என்னோடதுதானான்னு சந்தேகம் வந்ததும் தொட்டு எழுப்பினேன். பிரஷர் எவ்வளவு டாக்டர்னு கேட்டேன். இன்னைக்குக் காலையிலதான பார்த்தோம்னா. அது இன்னைக்கு இல்ல, நேத்து காலையில. அவளுக்கு நாளு ஒண்ணுதான சார், நடுவுல தூக்கம் இருந்தாத்தான ரெண்டாகும்.

சிரிக்கிறீங்க. ஓ, நீங்களும் இதே படிப்பா? எந்த வருஷம்? நாலு நாளா? தூங்காம, தொடர்ந்தா? பாருங்க, சொல்லும்போதே முகத்துல ஒரு வெளிச்சம். இதைத்தான் சார் நான் எட்டு நாளும் பார்த்தேன். குழாய்கிட்ட கேட்டா, நான் கொக்கியா இருந்தப்ப இதைவிட மோசம் தாத்தாங்கிறான். கத்திகிட்ட கேட்டா, நான் நின்னுக்கிட்டே தூங்கியிருக்கேன், நீங்க வேறங்கிறான். எங்க கீழ்த்தளத்துல ஒருத்தன் கை வெந்தா, அடுத்தவன் கை வேகக்கூடாதுன்னுதான் நாங்க கத்தினோம். உங்காளுங்க வெந்த கையைத் தூக்கிக் காட்டி, நீயும் வை, அப்பத்தான் டாக்டருங்கிறீங்க. கோவிச்சுக்காதீங்க. மேடைப் பேச்சு, வயசானாலும் வந்துடுது.

ஏன் வீட்டுக்குப் போகலயா? போகலாமே, யாரு வேணாம்னா? கோட்டு இருக்கே.

துறைத் தலைவர் அறை வாசல்ல ஒரு கொக்கியில அவரோட வெள்ளைக் கோட்டு தொங்கும். கோட்டு தொங்கினா அவர் கட்டடத்துக்குள்ள இருக்காருன்னு அர்த்தம். அவர் உள்ள இருக்கிற வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. எங்கயும் எழுதல. எழுதாத சட்டத்தை மீற முடியாது சார், அதான் அதோட பலம். இதுல விஷயம் என்னன்னா, அவருக்கு ரெண்டு கோட்டு. ஒண்ணைப் போட்டுக்கிட்டு ஒரு மணிக்கு சொந்த கிளினிக்குக்குக் கிளம்பிடுவாரு. இன்னொண்ணு தொங்கிக்கிட்டே இருக்கும். எட்டு நாள்ல அந்தக் கோட்டு ஒரு தடவைகூட வீட்டுக்குப் போகல. இந்த ஆஸ்பத்திரியிலேயே கடமை உணர்ச்சி அதிகமா உள்ள ஆளு அதுதான். பிள்ளைங்களுக்கும் தெரியும், உள்ள ஆள் இல்லன்னு. ஆனா தட்டிப் பார்க்க ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. ஒருவேளை இருந்துட்டா?

வருகைப் பதிவேட்டுலயா? அதுல எல்லாரும் காலையில எட்டுக்கு வந்து சாயங்காலம் நாலுக்குப் போயிருப்பாங்க. மாசக் கடைசியில ஒரே ஆள் உட்கார்ந்து, ஒரே பேனாவுல, எல்லாருக்கும் கையெழுத்துப் போடுவாங்க. அந்த ஆளும் கொக்கிதான். தான் தூங்கின கணக்கைத் தூக்கமில்லாம உட்கார்ந்து எழுதுற பிள்ளையை நீங்க பார்த்ததில்லயே. நான் பார்த்தேன்.

சரி, புதன்கிழமை. பல்லு எடுக்க வேண்டியவன் கத்தி. அவனைத் துறைத் தலைவர் அன்னைக்குப் பதினோரு மணிக்கே தன் கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. போறப்ப, ஒரு பல்லுதான, கொக்கி எடுக்கட்டும், கத்துக்கட்டும்னாரு. என் காதுபடச் சொன்னாரு. முப்பது மணி நேரம்னா நானும் விட்டிருப்பேன், அவ அப்ப ஐம்பத்து நாலாவது மணியில இருந்தா. ஃபிலிம் மாட்ட ஆள் இல்ல, அவளே மாட்டினா. முழுத் தாடையும் ஒரே படமா இருக்கும் பாருங்க, அந்த நீள ஃபிலிம். திருப்பி மாட்டிட்டா. ஓரத்துல எது வலம்னு ஒரு சின்ன எழுத்து இருக்குமாம், அது கிளிப்புக்கு அடியில போயிடுச்சு. ஃபிலிமைத் திருப்பினா வலது இடது ஆகும், இடது வலது ஆகும். அந்த வேலையிலயே தலை நரைச்ச ஒருத்தர் இருந்தாரே, முன்னாடி சொன்னேனே, அவர் கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவாரு. அவர் நாற்காலியில இப்ப ஒரு அட்டைப்பெட்டி இருக்கு.

நான் ஏன் சொல்லலயா? கேட்பீங்கன்னு தெரியும். இடது பக்கம் ஊசி போடுறப்பவே தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் போடுவாங்க போல, இது முதல்ல, அது அடுத்ததுன்னு நினைச்சேன். வாழ்நாள் முழுக்க வாயை மூடுடான்னு சொன்னவங்ககிட்டல்லாம் பேசினவன். அன்னைக்குத்தான் ஒருத்தங்க வாயைத் திறன்னு சொன்னாங்க, ஒண்ணும் பேசல.

எடுத்தா. நல்லாத்தான் எடுத்தா, வலியே இல்ல. தட்டுல டங்குனு விழுந்துச்சு. வெள்ளையா, ஒரு பொட்டு சொத்தை இல்லாத பல்லு. அதைப் பார்த்தா. ஃபிலிமைப் பார்த்தா. எழுந்து போய் ஃபிலிமைக் கழட்டி, திருப்பி மாட்டினா. அந்த அறையில நானும் அவளும்தான். எனக்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியாது. ரெண்டையும் எடுக்க வேண்டியதுதான் பெரியவரேன்னு சொல்லியிருந்தா சரிம்மான்னு வாயைத் திறந்திருப்பேன், உங்களுக்கும் இன்னைக்கு இந்த வேலை இல்ல. அவ என் பக்கத்துல அந்த உருளை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. முகமூடியைக் கழட்டினா. தாத்தா, நான் தப்பான பல்லை எடுத்துட்டேன்னா.

அவ்வளவுதான். அழல. அப்படியே கேஸ் ஷீட்டை எடுத்து அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டா. இந்த விசாரணைக்கே ஆதாரம் அந்தத் தாள் ஒண்ணுதான சார்? இந்த ஆஸ்பத்திரியில உண்மையை எழுதின ஒரே தாள் அது. அதை வெச்சுத்தான் அவளை வெளிய அனுப்பப் பார்க்கிறீங்க.

மறுபடி அதே கேள்வியா? விடமாட்டீங்க போல. எட்டு மணி நேரம்னு ஒப்பந்தம் இருக்கே, அவளுக்கு ஏன் இல்லன்னு.

இந்தக் கையைப் பாருங்க. இல்ல, உள்ளங்கை இல்ல, இந்தப் பக்கம். நீராவி. மூடியைத் திறக்கிறப்ப பொங்கி அடிக்கும். எங்க அறையில பதினோரு பேருக்கும் இப்படித்தான். தடிமனான ரப்பர் கையுறை கேட்டோம், எட்டு மணி நேரம் கேட்டோம். இருபது நாளாகியும் ஒண்ணும் நகரல. அப்ப சங்க அறைக்கு ரெண்டு பசங்க வந்தாங்க. பல் டாக்டருக்குப் படிக்கிற பசங்க. ஒருத்தன் ஒல்லி, கண்ணு உள்ள போயிருந்துச்சு, நிக்கும்போதே கதவைப் பிடிச்சுக்கிட்டான். நாங்களும் வேலையை நிறுத்துறோம், எங்களையும் ஒப்பந்தத்துல சேர்த்துக்கோங்கன்னான். நான் எல்லார் முன்னாடியும், நாளைக்குக் கார்ல வந்து இறங்கப்போறவங்களுக்கு எதுக்கு தம்பி சங்கம்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அப்ப நல்ல பேச்சாளன்னு பேரு. அந்த ஒல்லிப் பையன் கதவை விட்டுட்டுப் போயிட்டான்.

இருபத்திரண்டாவது நாள் நிர்வாகம் இறங்கி வந்துச்சு. எட்டு மணி நேரமும் சரி, கையுறையும் சரி. ஒரே ஒரு நிபந்தனை, படிக்கிற டாக்டருங்க இதுல வரக்கூடாது. வக்கீல் அதை ரெண்டு பக்கத்துக்கு எழுதிக்கிட்டு வந்தாரு. நான்தான் சொன்னேனே, நடை சரியில்ல. நான் ஒரே வரியில எழுதினேன். பயிற்சி மருத்துவர் கற்பவரே அன்றிப் பணிபுரிபவர் அல்லர்; பணிநேர வரம்பு அவர்களுக்குப் பொருந்தாது. பதினோராவது பிரிவு. வெளிய போறப்ப பாருங்க, பீரோவுக்குப் பின்னாடி, கொஞ்சம் குனியணும். ரெண்டு நிமிஷத்துல எழுதினது. அப்ப அது எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி.

நான் செஞ்சது தப்பா சரியான்னு உங்களைக் கேட்கல. பதினோரு பேர் கை தப்பிச்சுது. ஆனா முந்தாநாள் அந்தத் தட்டச்சுப் பண்ணின புகாரைத் துறைத் தலைவரே எடுத்துக்கிட்டு வந்தாரு. என் கட்டில் ஓரத்துல உட்கார்ந்தாரு. என்னை ஞாபகம் இருக்கான்னு கேட்டாரு. இப்ப ஒல்லி இல்ல, அதனால எனக்குத் தெரியல. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனேன்னாரு. அப்புறம் அந்தப் பதினோராவது பிரிவை ஒரு எழுத்து விடாம மனப்பாடமாச் சொன்னாரு. சொல்லிட்டுப் பேனாவை நீட்டினாரு.

பொறுப்பு யாருன்னு உங்க படிவத்துல ஒரு கட்டம் இருக்கே, அதுல எத்தனை பேர் பேரு எழுதலாம்? ஒண்ணுதானா? அப்ப சின்னக் கட்டம் சார். அவ பேரை மட்டும் எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன். கோட்டுக்காரர் பேரு வரணும், மேல என் பேரு வரணும். இடம் பத்தலன்னா பின்பக்கம் எழுதுங்க, நான் வேணும்னா வாசகம் சொல்றேன்.

அப்புறம் இன்னொண்ணு. வலது பக்கப் பல்லு இன்னும் உள்ளதான் இருக்கு. நேத்து கத்தி வந்து நான் எடுக்கிறேன்னான், வேணாம்னுட்டேன். அவதான் எடுக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். வலிக்குது, வலிக்கட்டும். அந்தப் பொண்ணு நல்லாத் தூங்கி எழுந்து வரட்டும்னு சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்.